கிளிக்குத் தனி ரூமா? லயத்து இரவுகளின் ஒரு சின்ன வரலாறு

எழுபது இரவு தூங்காத ஒரு கிளி நம் கதைகளில் இருக்கிறது. 'சுகசப்ததி' என்ற சமஸ்கிருதக் கதைத்தொகுப்பில் வரும் கிளி அது. வீட்டுக்காரன் வியாபாரத்துக்காக ஊர் போய்விடுகிறான். அவன் மனைவி ஒவ்வொரு பொழுதும் சாய்ந்ததும் காதலனைப் பார்க்கக் கிளம்புகிறாள். கூண்டுக்கிளி அவளைத் தடுப்பதில்லை. "போயிட்டு வா, ஆனா இன்னாருக்கு வந்த சிக்கல் உனக்கு வந்தா சமாளிப்பியா?" என்று கேட்டு ஒரு கதையைத் தொடங்கும். கதை முடியும்போது விடிந்துவிடும். இப்படியே எழுபது இரவு. 1330இல் நக்‌ஷபி என்பவர் இதை 52 இரவுகளாக்கிப் பாரசீகத்தில் 'தூதிநாமா' என்று எழுதினார். அக்பரின் அரசவை ஓவியர்கள் அதற்குப் படம் வரைந்தார்கள். அந்தப் படச்சுவடி இன்று அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கதைக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா நிஜக் கிளி பொழுது சாய்ந்ததும் தூங்கணும். பத்து மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை அதற்கு இருட்டும் அமைதியும் வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம்ம நுவரெலியாவில் வருஷம் பூரா இரவு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான். கிளியின் கடிகாரமும் நம் வானமும் பொருந்தித்தான் போகின்றன. பொருந்தாமல் போவது நம்ம வீடு.

இந்தக் கட்டுரை தொடங்கியது எங்கள் வாட்ஸ்அப் குழுவில். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருக்கும் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் புதுசாக ஒரு பச்சைக்கிளி வந்தது. முதல் மூன்று இரவும் அது தூங்கவில்லை. நள்ளிரவில் திடீரென்று கூண்டுக்குள் சுற்றிச்சுற்றி அடித்துக்கொண்டு, இறக்கையெல்லாம் கம்பியில் பட்டு, வீடே எழும்பிவிட்டதாம். "என்ன செய்யலாம்?" என்று கேட்டாள். நாங்கள் யூடியூபில் தேடினோம். கிளிக்குத் தூங்குவதற்கென்று இன்னொரு சின்னக் கூண்டு வாங்கச் சொன்னார்கள். மங்கலான இரவு விளக்கு, காற்றை ஈரப்படுத்தும் மெசின் என்று பட்டியல் நீண்டது. கடைசியில், முடிந்தால் கிளிக்கு ஒரு தனிப் படுக்கையறை! தோழி ஒரே வரியில் பதில் போட்டாள்: "காம்பரா ஒண்ணு, நாங்க ஆறு பேரு. கிளிக்குத் தனி ரூமாம்."

சிரித்து முடித்தபிறகுதான் நாங்கள் யோசிக்க ஆரம்பித்தோம். நம் ஆட்கள் கிளி வளர்க்காமலா இருந்தார்கள்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், விறகுப் புகைக்குள், பனிக்குள் கிளி எப்படித் தூங்கியது? அதைத் தேடப்போனபோது ஒரு பெரிய வரலாறே வந்து நின்றது.

சங்க காலத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அங்கே கிளி முதலில் எதிரி. குறிஞ்சி நிலம் என்றால் மலை, மலை என்றால் தினைப்புனம், தினை முற்றினால் கிளிக்கூட்டம். கவண், தழல், தட்டை, குளிர் என்று கிளி விரட்டுவதற்கே தனித்தனிக் கருவிகள் இருந்தன. தலைவி பரண் மேல் உட்கார்ந்து கிளி விரட்டுவாள், அந்த நேரம் பார்த்துத் தலைவன் வருவான். கிளி வராவிட்டால் காதலே இல்லை என்கிற நிலைமை. அதே காலத்தில் வீட்டுக்குள்ளும் கிளி நுழைந்துவிட்டது. அகநானூற்றின் 34ஆம் பாட்டில், போர் முடிந்து திரும்பும் தலைவன் தன் மனைவியை நினைக்கிறான். அவள் கையில் கிளியை ஏந்திக்கொண்டு, "அவர் இன்று வருவாரா" என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று கற்பனை செய்கிறான். பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் வீட்டுக் கிளி வேதம் சொல்லப் பழகுகிறது. ஒரே பறவை, காட்டில் திருடன், வீட்டில் பிள்ளை. 'கிளிப்பிள்ளை' என்று நாம் சும்மா சொல்லவில்லை. பறவைக் குஞ்சுக்குப் 'பிள்ளை', 'பார்ப்பு' என்று பெயர் என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல்.

கோயிலுக்குள்ளும் கிளி போனது. மதுரை மீனாட்சியின் கையில் கிளி. அந்தக் கோயிலின் பொற்றாமரைக் குளத்தருகே கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளி வளர்த்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் இருப்பதோ தினம் ஒரு புதுக் கிளி. மாதுளம்பூவால் மூக்கு வைத்து, இலைகளால் உடம்பு செய்து, ஒவ்வொரு நாளும் கட்டுவார்கள். எங்களைக் கேட்டால், உலகத்திலேயே நல்ல கிளி வளர்ப்பு அதுதான். யாருடைய கூட்டிலிருந்தும் எடுக்கவில்லை, ராத்திரி பயப்படுவதுமில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு நம் கிளி பெரிய அதிசயம். கி.மு. 400 வாக்கில் கிரேக்க மருத்துவர் கிடேசியஸ், இந்தியாவில் மனுசன் மாதிரிப் பேசும் பறவை இருப்பதாக எழுதினார். அது இந்தியப் பாஷை பேசும், சொல்லிக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்றார். அலெக்சாண்டரின் படை கொண்டுபோன பெரிய பச்சைக்கிளிக்கு இன்றும் அவர் பெயர்தான் ஆங்கிலத்தில். ரோமாபுரியில் பிளினி எழுதிவைத்தது வயிற்றைக் கலக்கும்: கிளிக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காதாம். கிளியை நேசித்ததாகச் சொல்லும் எல்லா நாகரிகத்திலும் இப்படி ஒரு கம்பி எங்கேயாவது இருக்கிறது.

நம் தீவுக்கு வருவோம். 1660இல் பிடிபட்டு, கண்டி ராச்சியத்துக்குள் ஏறக்குறைய இருபது வருடம் கைதியாக இருந்த ராபர்ட் நொக்ஸ், தப்பிப்போய் 1681இல் இலங்கை பற்றிப் புத்தகம் போட்டார். பறவைகளைப் பற்றியும் எழுதினார். இங்குள்ள பச்சைக்கிளி அவ்வளவு நன்றாகப் பேசாது, கறுப்பு மைனாக்கள்தான் சீக்கிரம் பேசப் பழகும் என்பது அவர் கணிப்பு. வெளியே போக முடியாத ஒரு மனுசன், எந்தப் பறவை பேசும் என்று உட்கார்ந்து கவனித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் துப்பாக்கியோடும் நோட்டுப்புத்தகத்தோடும் வந்தார்கள். 1840களில் இலங்கைக்கு வந்த எட்கர் லேயர்ட் என்ற ஆங்கில அதிகாரி பறவை சேகரிப்பதில் பைத்தியம். ஈரவலயக் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் இருக்கும், சாம்பல் கலந்த நீலத் தலையும் மரகதக் கழுத்துப் பட்டையும் கொண்ட ஒரு கிளிக்கு 1849இல் எட்வர்ட் பிளைத் என்பவர் அறிவியல் பெயர் வைத்தார். அந்தப் பெயரில் இருப்பது லேயர்டின் மனைவி பார்பரா கால்த்ரொப்பின் குடும்பப்பெயர். ஆங்கிலத்தில் அது 'லேயர்டின் கிளி'. சிங்களத்தில் 'அளு கிரவா', அதாவது சாம்பல் கிளி. இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. புருசன் பெயர் ஒரு பக்கம், பெண்சாதி பெயர் ஒரு பக்கம் என்று ஒரு பறவையையே குடும்ப ஆல்பமாக்கிவிட்டார்கள். அது கூடு கட்டிய மரங்களைக் கோப்பிக்காகவும், கோப்பி நோய் விழுந்து செத்தபிறகு தேயிலைக்காகவும் வெட்டியவர்களின் பெயர் எந்தப் பறவைக்கும் இல்லை. வெட்டியது யார் கை, வெட்டச் சொன்னது யார் வாய் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கிளியும் நமக்கே உரியது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நிதானமான அளவு, சிவப்பு உச்சந்தலை, பச்சை உடம்பு. தொங்கும் கிளி என்பார்கள், சிங்களத்தில் 'கிராமலித்தா'. அது தூங்குகிற விதம்தான் விசேஷம். வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தூங்கும்.

இந்த இரண்டு கிளியையும் காட்டில் பார்க்காதவர்கள்கூட கையில் பிடித்திருப்பீர்கள். 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட தாள் வரிசையில் 500 ரூபாவில் இருப்பது சாம்பல் கிளி, 1000 ரூபாவில் இருப்பது தொங்கும் கிளி. ஆயிரம் ரூபாத் தாளில் கூடவே நம்ம றம்பொடைச் சுரங்கப்பாதையும் இருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று எத்தனை வருசம் கத்தினோம்! 2018 டிசம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது. 2019 சனவரி ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா என்றார்கள். 2021 மார்ச்சில்தான் ஆயிரம் வந்தது, வரும்போது அரிசி விலை எங்கேயோ போயிருந்தது. ஒரு கிளிப்படத்துக்காக மலையகமே ஆறு வருடம் நடுரோட்டில் நின்றிருக்கிறது.

சரி, லயத்துக்கு வந்த கிளி எது? பெரும்பாலும் இந்த இரண்டுமில்லை. கழுத்தில் செம்பட்டை போட்ட சாதாரணப் பச்சைக்கிளி. அது தாழ்நிலப் பறவை, வயலும் சேனையும் இருக்கிற வறண்ட பக்கத்தில் கூட்டங்கூட்டமாக இருக்கும். 1868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவுக்கு அது தானாக வருவதில்லை, கொண்டுவரப்படுகிறது. மரப்பொந்திலிருந்து கண் திறந்தும் திறக்காமலும் எடுத்த குஞ்சு, அட்டைப்பெட்டியில் பஸ் ஏறி மலைக்கு வருகிறது.

கிளியின் முதல் இரவைப் புரிந்துகொள்ள இங்கேதான் நிற்க வேண்டும். காட்டில் பச்சைக்கிளி ஒருநாளும் தனியாகத் தூங்குவதில்லை. பொழுது சாயும்போது நாலா பக்கத்திலிருந்தும் பறந்து வந்து, ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் அடையும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரு பிரட்டுக்களம் மாதிரி இருக்கும். பிறகு திடீரென்று அமைதி. 1999இல் ராட்டன்போர்க் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வாத்துகளை வரிசையாகத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். நடுவில் தூங்கிய வாத்துகள் இரண்டு கண்ணையும் மூடின. ஓரத்தில் இருந்த வாத்துகள் அடிக்கடி ஒரு கண்ணைத் திறந்துவைத்தே தூங்கின, அதுவும் வெளிப்பக்கம் பார்த்த கண்ணை. மூளையில் ஒரு பாதி தூங்க, மறுபாதி காவல் இருந்தது.

அது வாத்து, இது கிளிதான். ஆனாலும் காம்பராவின் நடுவில் உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கவிட்ட ஒரு கூண்டை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் வெளி. பக்கத்தில் இன்னொரு கிளி இல்லை. அந்தக் குஞ்சுக்கு எல்லாப் பக்கமும் ஓரம்தான். கிளிக்கு இருட்டில் கண் அவ்வளவாகத் தெரியாது. ஒரு எலி தகரத்தில் ஓடினாலும், றோட்டில் போற லொறி லைட் சுவரில் அடித்தாலும், எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் எழும்பிப் பறக்கப் பார்க்கும். கம்பியில் மோதும். மோதியதால் இன்னும் பயப்படும். தோழி வீட்டில் நடந்தது இதுதான்.

அவளுக்கு வழி சொன்னது நாங்களோ யூடியூபோ அல்ல, பக்கத்து லயத்து அம்மாயி. கூண்டை நடுவிலிருந்து இறக்கிச் சுவர் மூலையில் வைக்கச் சொன்னார். தரையில் அல்ல, ஆள் நெஞ்சு உயரத்தில். பழைய கம்பளியை எடுத்து மூன்று பக்கம் போர்த்தி, ஆட்கள் படுக்கிற பக்கத்தை மட்டும் திறந்துவைக்கச் சொன்னார். "முழுசா மூடிறாத புள்ள, மூச்சு முட்டும், நம்மளும் தெரியமாட்டோம்" என்றாராம். முதல் வாரம் சாமி விளக்கை அணைக்காமல் விடணும். தினமும் ஒரே நேரத்துக்குப் போர்த்தணும், போர்த்தும்போது ஒரே வார்த்தையைச் சொல்லணும். கிளி அடித்துக்கொண்டால் கூண்டுக்குள் கை விடக்கூடாது, டார்ச் அடிக்கவும் கூடாது, படுத்த இடத்திலிருந்தே மெதுவாகப் பேச்சுக் கொடுக்கணும். அவர் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. வாத்து ஆராய்ச்சி சொல்வதும் அவர் சொல்வதும் ஒன்றுதான்: ஓரத்தைக் குறை, கூட்டத்தைக் காட்டு. யோசித்துப் பார்த்தால், தனி ரூம் இல்லாததே அந்தக் கிளிக்கு வசதி. ஆறு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்கிற இடம், தூங்கும் மரத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும். நாலாவது இரவோ ஐந்தாவது இரவோ அது அடங்கியது.

அந்தக் கம்பளிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கோப்பிக் காலத்திலேயே மலைக்கு வந்த தொழிலாளிக்குத் தோட்டம் கம்பளி கொடுத்தது, சும்மா அல்ல, விலையைப் பற்றில் எழுதிக்கொண்டு. மழையில் கொழுந்தெடுக்க அது, குளிரில் போர்த்திக்கொள்ள அது, பிள்ளையைச் சுற்றவும் அதுவேதான். பற்று ஏறிக்கொண்டே போனால் துண்டு எழுதி ஆளையே கடனோடு சேர்த்து அடுத்த தோட்டத்துக்கு மாற்றினார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. சிகப்புக் கோடு போட்ட அந்தக் கறுப்புக் கம்பளி கிழிந்து கந்தலான பிறகு கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடங்களில் கிளிக்கூடும் ஒன்று.

குளிரைப் பற்றி ஒன்று சொல்லணும், ஏனென்றால் எல்லாரும் கேட்பது அதைத்தான். வளர்ந்த பச்சைக்கிளிக்கு நுவரெலியாக் குளிர் பெரிய விசயமில்லை. இங்கிலாந்தில் கூண்டிலிருந்து தப்பிய இதே இனம் 1969 வாக்கிலிருந்து காட்டுப்பறவையாகக் கூடு கட்டிப் பெருகி, லண்டன் பார்க்குகளில் பனிக்காலத்தையும் தாண்டுகிறது. ஆபத்து, இறகு முளைக்காத குஞ்சுக்கும் நேராக அடிக்கிற காற்றுக்கும்தான். தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் வரும் சனவரிக் காற்று இருக்கிறதே, அது கூண்டில் படாமல் பார்த்தால் போதும். இரவில் கூண்டை இஸ்தோப்பில் தொங்கவிடுவது கூடாது, காற்றுக்காக மட்டுமல்ல, பூனைக்கும் மரநாய்க்கும்.

குளிரைவிட மோசமானது புகை. பறவையின் நுரையீரல் நம்முடையது மாதிரி இல்லை. காற்று ஒரே திசையில் ஓடும், உடம்பு பூரா காற்றுப் பைகள் இருக்கும். அதனால் நல்ல காற்றையும் வேகமாக உறிஞ்சும், கெட்டதையும் வேகமாக உறிஞ்சும். 1890களில் ஜோன் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சின்னப் பறவையைக் கூடக் கொண்டுபோகச் சொன்னது இதனால்தான். விஷவாயு வந்தால் மனுசன் விழுவதற்கு முன்னால் கெனரிப் பறவை விழும். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை இந்தப் பழக்கம் இருந்தது. அப்படியானால் விறகடுப்பு எரியும் காம்பராவில் தொங்கும் கிளி யாருக்கு அளவுகருவி? அம்மாயிகள் "அடுப்புப் பக்கம் கூட்ட வைக்காதே, செத்துரும்" என்று சொல்லியே வளர்த்தார்கள். கூண்டை அடுப்படியிலிருந்து நகர்த்தலாம். அதே அடுப்பின் முன்னால் விடியற்காலை நாலு மணிக்குக் குந்தியிருந்து ரொட்டி சுட்டுவிட்டு மலைக்குப் போன பெண்ணை யார் நகர்த்தினார்கள்? நூறு வருசத்துக்கு மேல் பழசான லயங்களில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கிளிக்கு நல்ல காற்று வேண்டுமென்று பேசும்போது இதைப் பேசாமல் விட எங்களால் முடியவில்லை.

சாப்பாட்டை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறோம், ராத்திரித் தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. பாலில் தோய்த்த பாண் கொடுப்பது பரவலான பழக்கம், ஆனால் பறவைக்குப் பால் செரிக்காது. வீட்டுத் தோட்டத்தில் காய்க்கிற ஆனைக்கொய்யா, அதான் அவகாடோ, கிளிக்கு விஷம். தேத்தண்ணியும் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடிக்கக்கூடாத ஒரே குடும்ப உறுப்பினர் அதுதான்.

இரவு, கிளி, மலையகம் மூன்றும் ஒன்றாக வருகிற இடம் ஒன்று உண்டு, காமன் கூத்து. மாசி மாதம் அமாவாசை கழிந்து காமன் ஊன்றி, தோட்டத்துக்குத் தோட்டம் இரவிரவாக நடக்கும் கூத்து. ரதிக்கும் மதனுக்கும் வேசம் கட்டி ஆடுவார்கள். தவத்திலிருக்கும் சிவன் மேல் மதன் அம்பு விட, நெற்றிக்கண் திறந்து மதன் எரிகிறான். பௌர்ணமியை ஒட்டிய காமன் தகனத்தில் ரதி அழுகிற அழுகைக்கு மொத்த லயமும் சேர்ந்து அழும். தமிழ்நாட்டிலிருந்து மூட்டையோடு வந்த கதைதான், ஆனால் இங்கே அது வேறொரு பலத்தோடு நின்றது. பிரிவு என்றால் என்னவென்று 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த மலைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்த ஒப்பந்தம் அது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடு.

எரிகிற அந்த மதனின் வாகனம் கிளி. கரும்பு வில், மலர் அம்பு, கிளி வாகனம். கூத்தில் ஒரு வேடிக்கை பாருங்கள்: கிளி வாகனத்துக்குச் சொந்தக்காரனுக்காகத் தப்பு அடிக்கிற இரவில்தான் வீட்டுக் கிளிகள் பயந்து செத்துக்கொண்டிருக்கும். தப்புச் சத்தம், வெடிச் சத்தம், பந்த வெளிச்சம். புதுக்கிளி இருக்கிற வீட்டில் கூத்து, திருவிழா, தீபாவளி ராத்திரிகளில் யாராவது ஒருவர் கூண்டுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. நாலாவது பக்கக் கம்பளியையும் அன்றைக்கு மட்டும் பாதி இறக்கிவிடலாம்.

திருவிழா என்றதும் கிளிச்சாத்திரக்காரர் ஞாபகம் வருவார். சின்ன மரக்கூண்டு, அடுக்கிவைத்த சீட்டு, வெளியே வந்து ஒரு சீட்டை மூக்கால் எடுத்துப் போட்டுவிட்டு ஒரு நெல்மணிக்காகத் திரும்பிக் கூண்டுக்குள் போகிற கிளி. அது ஏன் பறந்துபோகவில்லை என்று சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். இறக்கை வெட்டியிருக்கிறது என்ற பதிலை யாரும் அப்போது சொல்லவில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். ஆனாலும் சட்டம் எப்போது கண் திறக்கும் என்பது வேற கதை. 2024 ஏப்ரலில் கடலூரில் ஒரு கிளிச்சாத்திரக்காரரின் கிளி, நாடாளுமன்ற வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் ஜெயிப்பார் என்று சீட்டு எடுத்துக்கொடுத்தது. அந்த வீடியோ பரவியதும் வனத்துறை வந்து சாத்திரக்காரரைப் பிடித்தது. அத்தனை வருசமாகத் தெரியாத கிளி அன்றைக்குத்தான் தெரிந்தது. வேட்பாளர் தோற்றார். இலங்கையிலும் 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. நம் நாட்டுக்கே உரிய சாம்பல் கிளியையும் தொங்கும் கிளியையும் யாராவது கொண்டுவந்து விற்றால், வாங்குவது இரக்கம் அல்ல. அடுத்த கூட்டிலிருந்து அடுத்த குஞ்சை எடுக்க அது காசு கொடுப்பது.

இங்கே எங்கள் கூட்டத்துக்குள் சண்டை வந்தது. ஒரு பாதி, "கிளி வளர்ப்பதே தப்பு, திறந்து விடச் சொல்லு" என்றது. இன்னொரு பாதி, "கூண்டுக்கிளி மாதிரி வாழ்ந்த நம்மளே கூண்டு வாங்கலாமா" என்று கவிதை பேச ஆரம்பித்தது. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறோம். மலையகத்து மனுசரைக் கூண்டுக்கிளி என்று எழுதி எழுதித் தேய்த்துவிட்டார்கள். (1954இல் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படத்துக்கும் 'கூண்டுக்கிளி' என்றுதான் பெயர், அதோடு அந்தச் சொல்லை விட்டிருக்கலாம்.) கூண்டுக்கிளி சங்கம் அமைக்காது, வேலைநிறுத்தம் செய்யாது, வாக்குரிமை பறிபோனால் சத்தியாக்கிரகம் இருக்காது. நம் ஆட்கள் இதையெல்லாம் செய்தார்கள். கிளிக்கும் அந்த உவமை அநியாயம்தான். அது எதற்கும் குறியீடு இல்லை, பயத்தில் கம்பியில் மோதுகிற ஒரு குஞ்சு.

முதல் விசயம்தான் கஷ்டம். குஞ்சிலிருந்தே கையில் வளர்ந்த பச்சைக்கிளியை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தேயிலை மலையில் திறந்துவிட்டால் அது சுதந்திரம் ஆகாது. அதன் கூட்டம் இங்கே இல்லை, கீழே இருக்கிறது. அதற்கு இரை தேடத் தெரியாது, பருந்தைத் தெரியாது, அந்தி சாய்ந்தால் எந்த மரத்துக்குப் போவதென்று தெரியாது. முதல் இரவையே தாண்டாது. ஆகவே, வாங்காதீர்கள் என்பது இனி வாங்கப்போகிறவர்களுக்கு. ஏற்கெனவே வந்துவிட்டதை என்ன செய்வது என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் கம்பளியும் மூலையும் சாமி விளக்கும்தான்.

அதுவும் ஒரு வாரத்துக்கல்ல. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பச்சைக்கிளி இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். தோழிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அடுத்த மாதம் கொழும்பில் வேலைக்குப் போகிறாள், தம்பி ஏற்கெனவே வத்தளையில் ஒரு கடையில் நிற்கிறான். லயத்தில் கிளி வாங்குவது எப்போதும் இளசுகள், கடைசியில் வளர்ப்பது கிழடுகள். போன வாரம் அவள் கிளிக்குச் சொல்லும் "படு சாமி, விடியும்" என்ற வார்த்தையை அம்மாயிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அதே குரலில் சொல்ல வேண்டும் என்று. அம்மாயி அதைத் தன் குரலில்தான் சொல்கிறாராம். இரண்டு நாள் கிளி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் இறகைச் சிலிர்த்து, ஒரு காலை மடக்கிக்கொண்டது.